யு விசாவுக்குப் போலீஸ் சான்று வாங்குவது எப்படி: கலிஃபோர்னியா நடைமுறை, படிப்படியாக

அமெரிக்காவில் குற்றத்துக்கு ஆளான குடியேறிகளுக்கு யு விசா என்று ஒன்று இருப்பது இப்போது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த மனுவோடு ஐ-918 சப்ளிமென்ட் பி என்ற படிவத்தையும் வைக்க வேண்டும். அதில் போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிபதி போன்ற ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். அந்தச் சான்று இல்லாமல் மனு நகராது.

நான் வக்கீல் இல்லை. வீட்டில் அடி வாங்கி வெளியே வந்த பெண்களுக்கும், கடை வேலையில் தாக்கப்பட்டவர்களுக்கும் தமிழில் உதவி செய்யும் தன்னார்வலர். நான் பார்த்தவரை தகுதி இல்லாமல் சான்று கிடைக்காமல் போனவர்கள் குறைவு. வரிசை தவறியதால் சிக்கியவர்களே அதிகம். அதனால் எதை எப்போது செய்வது, ஏன் அப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பழக்கமான இடம் கலிஃபோர்னியா. படிவமும் தகுதியும் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றுதான். கெடு நாட்கள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். “அக்கா, போலீஸ்தானே விசா தரணும்?” என்று கேட்காதவர்களே இல்லை. போலீஸ் விசா தருவதில்லை. விசாவை முடிவு செய்வது யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறை. போலீஸ் அதிகாரி மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் எழுதுகிறார்: நடந்தது பட்டியலில் உள்ள குற்றமா? இவர் அதற்கு ஆளானவரா? விசாரணைக்கு உதவினாரா, உதவுகிறாரா, உதவக்கூடியவரா? அந்த மூன்றுக்கும் தன் கையில் இருக்கும் கோப்பைப் பார்த்தே அவர் பதில் எழுதிவிட முடியும் என்கிற அளவுக்கு நீங்கள் அனுப்பும் காகிதக் கட்டைத் தயார் செய்ய வேண்டும்.

1. இந்த வழிதான் தேவையா என்று முதலில் பாருங்கள்

யு விசா மெதுவான வழி. ஓர் ஆண்டில் 10,000 பேருக்குத்தான் தருவார்கள். குடும்பத்தினர் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். மனுக்கள் அதைப் போலப் பல மடங்கு குவிந்து கிடக்கின்றன. வேகமான வேறு வழி இருந்தால் அதை முதலில் பார்ப்பதே நல்லது.

அடிக்கும் கணவரோ மனைவியோ அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் என்றால், வாவா என்று சொல்லப்படும் ஐ-360 சுயமனு இருக்கிறது. அதற்குப் போலீஸ் சான்று வேண்டியதில்லை. இது தெரியாமல் சான்றுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில், நீங்கள் அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசாவில் என்றால் வாவா பொருந்தாது. நம் ஆட்களில் நிறையப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு யு விசா பொருந்தலாம். விசா செல்லுபடியாக இருக்கும்போதே மனுப் போடலாம், காலாவதி ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதோடு, கொடுமைக்கு ஆளான எச்-4 துணைவருக்கு வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்று தனிப் படிவமும் இருக்கிறது. இரண்டையும் பற்றி வக்கீலிடம் ஒரே நேரத்தில் கேளுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் காகிதமெல்லாம் அப்புறம். 911-ஐக் கூப்பிடுங்கள்.

2. போலீஸ் நிலையத்துக்கு முன் வக்கீலிடம் போங்கள்

நேராகப் போலீஸ் கவுன்டரில் போய் “யு விசா படிவம் கொடுங்கள்” என்று கேட்பதுதான் நான் அதிகம் பார்த்த முதல் தவறு. முன்னால் நிற்பவருக்கு அது என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். “அதெல்லாம் நாங்கள் செய்வதில்லை” என்று சொல்லிவிட்டால், அதையே கடைசிப் பதில் என்று நம்பி வீடு திரும்பிவிடுவார்கள்.

வக்கீல் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பழைய கதையை. முன்பு நாடுகடத்தல் உத்தரவு வந்திருக்கிறதா? கைது உண்டா? விசா முடிந்து தங்கியிருக்கிறீர்களா? பொய்யான காகிதம் எங்காவது கொடுத்திருக்கிறதா? யு விசாவில் இவற்றில் பலவற்றுக்கு ஐ-192 என்ற படிவத்தில் விலக்கு கேட்க முடியும். ஆனால் மனு நிலுவையில் இருக்கிறது என்பதாலேயே நாடுகடத்தல் நின்றுவிடாது. அந்த ஆபத்தை எடைபோட்டுச் சொல்ல வேண்டியது வக்கீல். பக்கத்து வீட்டுக்காரரோ நானோ இல்லை.

வக்கீல் என்றால் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்தவர், அல்லது நீதித்துறை அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி. அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி சொல்பவர் மட்டும்தான். “பேப்பர் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், போலீஸ்ல நமக்கு ஆள் இருக்கு” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

யு விசாவின் முதன்மை மனுவான ஐ-918 படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. உடன் போகும் மற்ற படிவங்களின் கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் தாக்கல் செய்யும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. குற்றம் பட்டியலில் வருகிறதா என்று சரிபாருங்கள்

சட்டம் 2000-இல் வந்தபோதே ஒரு பட்டியலோடு வந்தது. குடும்ப வன்முறை, கற்பழிப்பு, பாலியல் தாக்குதல், கடத்தல், சட்டவிரோதமாக அடைத்துவைத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், கொடுந்தாக்குதல், கொலை, ஆட்களை ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுவந்து சுரண்டும் ஆள்கடத்தல், கொத்தடிமை வேலை, சாட்சியைக் கலைத்தல் எல்லாம் அதில் உண்டு. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும், வெளிநாட்டு வேலை ஒப்பந்த மோசடியும் 2013-இல் சேர்க்கப்பட்டன. இவற்றைச் செய்ய முயன்றதும் சதி செய்ததும்கூட வரும். இவற்றை ஒத்த குற்றமும் வரும்.

பலர் தடுமாறும் இடம் கொள்ளை. மதுக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ வேலை செய்யும் ஒருவரிடம் துப்பாக்கி காட்டிக் கல்லாவைப் பறித்தால், போலீஸ் அதைக் கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 211-ஆம் பிரிவு, அதாவது கொள்ளை, என்று எழுதும். கொள்ளை என்ற சொல் பட்டியலில் இல்லை. அதே சம்பவத்தில் துப்பாக்கியால் தாக்கியிருந்தால் அது 245. அது கொடுந்தாக்குதலோடு ஒத்துப்போகும். ரிப்போர்ட்டில் அந்த விவரம் இருந்தால், சான்றிலும் அந்தப் பிரிவு வர வேண்டும். வெறும் 211 மட்டும் எழுதிய சான்று பின்னால் யுஎஸ்சிஐஎஸ் கேள்வி கேட்க வழிவிடும். ஆள் இல்லாத நேரத்தில் கார் திருட்டு, வீட்டுத் திருட்டு போன்றவை பொதுவாக வராது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். யு விசாவுக்காகக் கடைகளில் பொய்க் கொள்ளை நாடகம் நடத்தியதாக 2023 டிசம்பரில் மாசசூசெட்ஸ் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நடக்காத கொள்ளைகளுக்கு லஞ்சம் வாங்கிக்கொண்டு ரிப்போர்ட் எழுதியதாக 2025 ஜூலையில் லூசியானாவில் சில ஊர்களின் போலீஸ் தலைவர்கள் மீதே குற்றச்சாட்டு பதிவானது. இதனால் உண்மையிலேயே துப்பாக்கி முனையில் நின்றவரையும் அதிகாரிகள் இப்போது சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். உங்கள் கட்டில் ஒரு தேதிகூடப் பிசகாமல் இருக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

கைது நடந்திருக்க வேண்டியதில்லை. வழக்கு மூடப்பட்டிருந்தாலும் சரி, குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் சரி, சம்பவம் நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சரி, கேட்கலாம். சான்று கேட்பதற்குக் காலவரம்பு சட்டத்தில் இல்லை.

4. ரிப்போர்ட்டை வாங்கி வரிவரியாகப் படியுங்கள்

படிவத்தைத் தொடும் முன் போலீஸ் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுபவர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் படிப்பது அந்த ரிப்போர்ட்டைத்தான். அதில் இல்லாததை அவர் எழுத மாட்டார்.

நம் ஊரில் எஃப்ஐஆர் நகலைப் புகார் கொடுத்த இடத்திலேயே கேட்டுப் பழகியவர்கள், இங்கே சம்பவத்துக்கு வந்த அதிகாரியிடமே ரிப்போர்ட்டைக் கேட்பார்கள். அவர் தருவது பெரும்பாலும் ஒரு கேஸ் எண் எழுதிய சீட்டு மட்டுமே. ரிப்போர்ட்டைக் காவல்துறையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குக் குடும்பச் சட்டம் 6228-ஆம் பிரிவின்படி இலவசமாகத் தர வேண்டும். கவுன்டரில் பணம் கேட்டால் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

வாங்கியதும் இவற்றைப் பாருங்கள்: உங்கள் பெயரும் பிறந்த தேதியும் சரியா, உங்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் — பாதிக்கப்பட்டவர் என்றா, வெறும் சாட்சி என்றா — எந்தச் சட்டப்பிரிவு போட்டிருக்கிறார்கள், காயம் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், நீங்கள் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னதில்தான் பெரிய சிக்கல். போலீஸ் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் வராது. அடித்த கணவரோ மாமியாரோதான் மொழிபெயர்த்திருப்பார். ரிப்போர்ட்டில் “வாய்த்தகராறு, காயம் இல்லை” என்று இருக்கும். இல்லையென்றால் அதிகாரி “இந்தியர்” என்று நினைத்து இந்தி மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் போட்டிருப்பார். பாதி புரியாமல் இவர் தலையாட்டியிருப்பார். இனி போலீஸ் வந்தால் முதல் சொல்லாக “தமிழ்” என்று சொல்லுங்கள். தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க முடியும். வீட்டு ஆள் யாரும் பேச வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே தவறாக எழுதப்பட்டிருந்தால், துணை ரிப்போர்ட் எழுதக் கேட்கலாம். வக்கீலோ, குடும்ப வன்முறை அமைப்பின் ஆலோசகரோ கூட வர, தமிழ் மொழிபெயர்ப்போடு மறுபடி வாக்குமூலம் கொடுங்கள். அன்று எடுத்த படங்கள், அவசர சிகிச்சைக் காகிதம், மிரட்டிய குறுஞ்செய்தி இருந்தால் அப்போதே கொடுங்கள். சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன் இதைச் செய்வதுதான் முக்கியம். விண்ணப்பித்து மறுத்த பிறகு திருத்தப் போனால் சான்றுக்காகக் கதை மாறுகிறது என்று தோன்றிவிடும்.

5. எந்த அலுவலகத்தைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

சம்பவம் நடந்த இடம் எந்த நகரக் காவல்துறையின் கீழ் வருகிறது, அல்லது மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின் கீழ் வருகிறதா என்று ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே இருக்கும். நீங்கள் இப்போது வேறு ஊருக்குக் குடிபோயிருந்தாலும், கேட்க வேண்டியது சம்பவத்தை விசாரித்த அலுவலகத்தை.

போலீஸ் மட்டும்தான் என்று இல்லை. வழக்கு நீதிமன்றம் போயிருந்தால் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமும், வழக்கைக் கேட்ட நீதிபதியும் கையெழுத்திடலாம். குழந்தைகள் நலத்துறை விசாரித்திருந்தால் அவர்களும் இடலாம். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வேலை வாங்கிய மாதிரி வழக்கு என்றால் தொழிலாளர் துறையும் தகுதியான அலுவலகமே. நீங்கள் யாரிடம் அதிகம் ஒத்துழைத்தீர்களோ அவர்களிடம் முதலில் போங்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவருக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆதாரம் தயாராக இருக்கும். போலீஸ் கோப்பில் அது இருக்காது.

கையெழுத்திடக் கூடியவர் அலுவலகத் தலைவர், அல்லது அவர் இதற்கென நியமித்த மேற்பார்வை அதிகாரி. சம்பவத்துக்கு வந்த ரோந்து அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையெழுத்து செல்லாது. பல துறைகள் தங்கள் இணையதளத்தில் யு விசா கோரிக்கைக்கு மின்னஞ்சலும் பெறும் பிரிவின் பெயரும் போட்டிருக்கின்றன. இல்லையென்றால் புலனாய்வுப் பிரிவுக்கு ஃபோன் செய்து, “யு விசா சான்றுக் கோரிக்கைகளை யார் பெறுகிறார்கள்?” என்று மட்டும் கேளுங்கள். பெயரோ வழக்கோ அந்த ஃபோனில் சொல்ல வேண்டியதில்லை.

6. படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள்

சான்றைப் போலீஸ் நிரப்பட்டும் என்று வெற்றுப் படிவத்தை அனுப்பினால் அது மேசையிலேயே கிடக்கும். கையெழுத்துப் பகுதி தவிர மற்ற எல்லாவற்றையும் வக்கீலோடு உட்கார்ந்து தட்டச்சு செய்து அனுப்புங்கள். திருத்தவும் சேர்க்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. அவர் திருத்தினால் திருத்தட்டும்.

முதலில் யுஎஸ்சிஐஎஸ் தளத்திலிருந்து அன்றைய பதிப்பை இறக்குங்கள். படிவத்தின் அடியில் பதிப்புத் தேதி இருக்கும். பழைய பதிப்பில் வாங்கிய கையெழுத்து வீணாகலாம். சொந்தக்காரர் அனுப்பிய பிடிஎஃப் வேண்டாம்.

பாதிக்கப்பட்டவர் விவரப் பகுதியில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நம் பெயர்களில் தந்தை பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று போலீஸ் ரிப்போர்ட்டில் மாறிப் பதிவாகியிருக்கும். அப்படியானால் வேறு பெயர்கள் என்ற கட்டத்தில் ரிப்போர்ட்டில் உள்ள வடிவத்தையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் கோப்பில் இருப்பவரும் நீங்களும் ஒருவர்தானா என்ற கேள்வி வரும்.

குற்றப் பகுதியில் கட்டங்களைக் குறிக்க வேண்டும், சட்டப்பிரிவுகளையும் எழுத வேண்டும். இரண்டும் பொருந்தியிருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. கணவர் சுவரில் தள்ளியதில் தோள்பட்டையில் காயம். 911-ஐக் கூப்பிட எடுத்த ஃபோனைப் பிடுங்கி உடைத்தார். இரவு முழுவதும் அறைக்குள் வைத்துக் கதவை மறித்து நின்றார். ரிப்போர்ட்டில் 273.5 மட்டும் போட்டிருக்கிறார்கள், அதாவது துணைவருக்குக் காயம் உண்டாக்கியது. ஆனால் விவரிப்பைப் படித்தால் ஃபோனை உடைத்தது 591.5, அடைத்துவைத்தது 236, புகார் செய்ய விடாமல் தடுத்தது 136.1. குடும்ப வன்முறைக் கட்டத்தோடு, அடைத்துவைத்தல், சாட்சியைக் கலைத்தல் கட்டங்களையும் குறிக்கச் சொல்லிக் கேட்கலாம். விவரிப்பில் ஆதாரம் இருந்தால் மட்டும். எல்லாக் கட்டத்தையும் குறித்து அனுப்பினால் அதிகாரி மொத்தத்தையும் நம்ப மாட்டார்.

விவரிப்புக் கட்டத்தில் நான்கைந்து வாக்கியம் போதும். தேதி, இடம், யார், என்ன செய்தார், அதற்குப் பிறகு போலீஸ் என்ன செய்தது. ரிப்போர்ட்டின் பக்க எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். அதிகாரி சரிபார்க்க வசதி. உங்கள் வேதனையை எழுதும் இடம் இது இல்லை. அதற்கு ஐ-918 மனுவோடு வைக்கும் உங்கள் சொந்த வாக்குமூலம் இருக்கிறது. காயம் பற்றிய கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். “இடது தோளில் சிராய்ப்பு, படம் எடுக்கப்பட்டது” என்று ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

ஒத்துழைப்புப் பகுதி நிறையப் பேருக்குப் பயம். “நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலையே, அப்ப நான் உதவலைன்னுதானே அர்த்தம்?” இல்லை. 911 கூப்பிட்டது, வாக்குமூலம் தந்தது, படத்தில் ஆளை அடையாளம் காட்டியது, காயத்தைப் படம் எடுக்க விட்டது, மருத்துவப் பரிசோதனைக்குச் சம்மதித்தது எல்லாம் உதவிதான். அதைத் தேதியோடு வரிசையாக எழுதுங்கள்.

ஒருமுறை பயந்து “ஒன்றுமில்லை” என்று சொல்லிப் பிறகு உண்மையைச் சொன்னவர்கள், அதை மறைக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் அது இருக்கும், அதிகாரி படிப்பார். அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள், பிறகு எப்போது உதவினீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். காரணமில்லாமல் மறுப்பது மட்டும்தான் பாதகம். கணவர் அடுத்த அறையில் நின்றது நல்ல காரணம்.

பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்குக் கீழ் என்றால் அவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ உதவியிருந்தால் போதும். கொலை வழக்கில் இறந்தவரின் துணைவர், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மறைமுகமாகப் பாதிக்கப்பட்டவர்களாக மனுப் போடலாம். அப்போது படிவத்தில் வர வேண்டியது அவர்கள் பெயர், இறந்தவர் பெயர் இல்லை. இந்தப் பிழையோடு கையெழுத்தான படிவம் மறுபடி முதலிலிருந்துதான்.

7. கட்டைச் சிறியதாகக் கட்டுங்கள்

மேலே ஒரு பக்கக் கடிதம், அடுத்து நிரப்பிய படிவம், அடுத்து ரிப்போர்ட், பிறகு தடை உத்தரவு அல்லது நீதிமன்றக் காகிதம் இருந்தால் அது. அவ்வளவுதான். ஒரு மேற்பார்வை அதிகாரி ஒரே அமர்வில் படித்து முடிக்கிற அளவு இருந்தால் கையெழுத்து அன்றே விழ வாய்ப்பு இருக்கிறது.

கடிதத்தில் கேஸ் எண், சம்பவத் தேதி, எந்தக் குற்றம், எப்படி உதவினீர்கள் என்பவை இருக்கட்டும். கலிஃபோர்னியாவில் தண்டனைச் சட்டம் 679.10-ஐக் குறிப்பிடுங்கள். அந்தப் பிரிவின்படி கோரிக்கை வந்த 30 நாளுக்குள் அலுவலகம் பதில் தர வேண்டும். நீங்கள் நாடுகடத்தல் வழக்கில் இருந்தால் 7 நாளுக்குள். வழக்கில் இருப்பதை நிரூபிக்கும் நீதிமன்ற நோட்டீஸ் நகலை அப்போது மட்டும் வையுங்கள். ஒத்துழைக்க மறுத்தார் என்று காட்டும் ஆதாரம் இல்லாதவரை நீங்கள் உதவியவர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வாஷிங்டன், இல்லினாய் மாநிலங்களிலும் கெடு வைத்துச் சட்டம் உண்டு. கெடுவே இல்லாத மாநிலங்களில் சான்று தருவது அலுவலகத்தின் விருப்பம்; கூட்டரசுச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை.

பிள்ளைக்கு 21 வயது நெருங்குகிறது என்றால் கடிதத்தின் முதல் வரியிலேயே பிறந்த தேதியோடு எழுதுங்கள். பிள்ளையின் வயது மனு தாக்கல் செய்த நாளில் என்னவோ அதுதான் கணக்கு. தாக்கல் ஒரு நாள் தள்ளினால் அந்தப் பிள்ளை மனுவில் சேர முடியாமல் போகும். அவசரத்தைச் சொன்னால் முன்கூட்டிப் பார்த்துக் கொடுக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

விசா எப்போது முடிந்தது, எப்படி நாட்டுக்குள் வந்தீர்கள் என்ற விவரங்களை இந்தக் கட்டில் வைக்காதீர்கள். போலீஸ் பதில் சொல்ல வேண்டிய மூன்று கேள்வியில் அது எதற்கும் தேவையில்லை.

8. அனுப்பிய நாளுக்கு ஆதாரம் வையுங்கள்

30 நாள் என்பது கோரிக்கை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து. மின்னஞ்சல் என்றால் பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். தபால் என்றால் ரசீதோடு அனுப்புங்கள். நேரில் என்றால் உங்கள் நகலில் தேதி முத்திரை கேளுங்கள். கவுன்டரில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தவர்களுக்குக் கெடு ஓடியதை நிரூபிக்க வழியில்லை.

நடுவில் ஒருமுறை, கெடு முடிந்ததும் ஒருமுறை, மரியாதையாக மின்னஞ்சல் அனுப்புங்கள். தினமும் ஃபோன் செய்ய வேண்டாம். காத்திருக்கும் நாட்களில் மற்ற வேலைகளை முடியுங்கள்: உங்கள் வாக்குமூலம், மருத்துவக் காகிதம், மனநல ஆலோசகரின் கடிதம், நண்பர்களின் சாட்சிக் கடிதம், பாஸ்போர்ட் நகல், தமிழ்க் காகிதங்களுக்கு மொழிபெயர்ப்பு, குடும்பத்தினருக்கான சப்ளிமென்ட் ஏ. இதை இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம் 10-ஆம் படியில் வருகிறது.

9. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

வாயால் சொன்ன “முடியாது” எதற்கும் உதவாது. காரணம் தெரிந்தால் பாதி மறுப்புகளைச் சரிசெய்துவிடலாம்.

“வழக்கு மூடியாச்சு”, “யாரையும் கைது பண்ணலை”, “ரொம்பப் பழசு” என்பவை கலிஃபோர்னியாவில் சட்டப்படி சரியான காரணங்கள் இல்லை. வக்கீலிடமிருந்து 679.10-ஐச் சுட்டி மேலதிகாரிக்கு ஒரு கடிதம் போனால் பல நேரம் முடிவு மாறுகிறது. சண்டைக் கடிதமாக இல்லாமல், பிரிவையும் ரிப்போர்ட் பக்கத்தையும் காட்டும் கடிதமாக இருக்கட்டும். அடுத்த முறையும் அதே அலுவலகத்துக்குத்தான் வேறொருத்தி போக வேண்டியிருக்கும்.

“பட்டியலில் உள்ள குற்றம் இல்லை” என்றால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். விவரிப்பில் வேறு பிரிவு பொருந்துகிறதா என்று பாருங்கள். “ஒத்துழைக்கவில்லை” என்றால் இப்போது ஒத்துழைக்கத் தயார் என்று எழுதி, புலனாய்வு அதிகாரியோடு சந்திப்புக் கேளுங்கள். அப்படியும் நடக்கவில்லையா? அரசு வழக்கறிஞர் அலுவலகமோ நீதிபதியோ வேறு சான்று தரலாம். ஓர் அலுவலகம் மறுத்தது மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது.

10. கையெழுத்தான படிவம் வந்த அன்றே சரிபாருங்கள்

கையெழுத்துத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் போய்ச் சேர வேண்டும். சான்று வந்த பிறகுதான் வாக்குமூலம் எழுத உட்காருபவர்கள் இந்த ஆறு மாதத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். தவறினால் அதே அலுவலகத்திடம் மறுபடி கையெழுத்துக் கேட்டுப் போக வேண்டும். இடையில் அதிகாரி மாறியிருக்கலாம்.

சரிபார்க்க வேண்டியவை: எல்லாப் பக்கமும் வந்திருக்கிறதா, கட்டங்கள் காலியாக இல்லையா, கையெழுத்துப் பக்கத்தில் தேதி இருக்கிறதா, கையெழுத்திட்டவரின் பதவி மேற்பார்வைப் பதவியா. கையெழுத்து பேனாவால் போட்டதாக இருக்க வேண்டும்; ரப்பர் முத்திரையோ தட்டச்சு செய்த பெயரோ செல்லாது. பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் நீங்களாகத் திருத்தவே கூடாது. திருப்பி அனுப்பி, அவர்கள் திருத்தித் தரட்டும். கையெழுத்துக்குப் பிறகு உங்கள் கையால் ஒரு புள்ளி வைத்தாலும் மனு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நகல் எடுத்து வையுங்கள். அதை வீட்டில் வைக்க முடியாத நிலை என்றால் வக்கீலிடமோ நம்பிக்கையான தோழியிடமோ கொடுங்கள். அடிக்கும் கணவர் கண்ணில் பட்டுக் கிழிபட்ட காகிதங்கள் உண்டு.

11. தாக்கல் செய்த பிறகும் போலீஸ் கூப்பிட்டால் போங்கள்

சான்று வாங்கியதோடு ஒத்துழைப்பு முடிவதில்லை. நியாயமான உதவி கேட்டு மறுத்தால், கையெழுத்திட்ட அலுவலகம் சான்றைத் திரும்பப் பெறலாம். யு நிலை, அதாவது யு விசா, கிடைத்து மூன்று ஆண்டு கழித்துக் கிரீன் கார்டுக்கு மனுப் போடும்போதும் இதே கேள்வி வரும். புதிய ஃபோன் எண்ணைப் புலனாய்வு அதிகாரிக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். போக முடியாத அளவுக்கு மிரட்டல் இருந்தால், போகாமல் இருந்துவிடாதீர்கள். மிரட்டலைப் பற்றியே புகார் கொடுங்கள்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும். தகவல் கேட்டு வரும் கடிதம் பழைய வீட்டுக்கே போய், அங்கே கணவர் பிரித்துப் பார்ப்பதைவிட மோசமான நிலை இல்லை. பாதுகாப்பான முகவரி ஒன்றைப் படிவத்தில் தனியாகக் கொடுக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் மனு விவரத்தைக் குற்றவாளியிடம் அதிகாரிகள் வெளியிடக் கூடாது என்று கூட்டரசுச் சட்டத்தின் 1367-ஆம் பிரிவு சொல்கிறது. வெளியே போவது பெரும்பாலும் தபால் பெட்டி வழியாகவும், சமூகத்தில் வாய் வழியாகவும்தான்.

மனு நல்லெண்ணத்தோடு போடப்பட்டது என்று முதற்கட்டப் பரிசீலனையில் தெரிந்தால், வரிசையில் காத்திருக்கும்போதே வேலை அனுமதி தரும் நடைமுறை 2021 ஜூனில் தொடங்கியது. அது வரும்வரையும், வந்த பிறகும், வக்கீலைக் கேட்காமல் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். அம்மா உடம்பு சரியில்லை என்று கிளம்பிப் போய்த் திரும்பி வர முடியாமல், பிள்ளைகள் இங்கும் தாய் அங்குமாகப் பிரிந்து நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவசரம் வந்தால் டிக்கெட் வாங்கும் முன் வக்கீலுக்கு ஃபோன் செய்யுங்கள்.